கருவியோடு ஒரு குறிப்பேடும்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரிடம், இந்நாட்டு வயல்வெளிகளிலும் கடற்கரைகளிலும் பரவலாகக் காணப்படும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். நீண்ட தண்டின் அடியில் வட்டத் தட்டுப் பொருத்திய கருவியை நிலத்தை ஒட்டி இடமும் வலமுமாக அசைத்தபடி நடந்து, ஒலி எழுந்த இடத்தில் குனிந்து மண்ணைக் கிளறுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்த பிள்ளை தனக்கும் அப்படியொரு மெட்டல் டிடெக்டர் வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் சம்மதிக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் கருவி வாங்கும் நாளிலேயே ஒரு குறிப்பேடும் வாங்கிக் கொடுங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த நேரத்தைப் பயன்படுத்த விரும்புகிறேன்.

வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நம்மில் பலருக்கு இக்கருவி, மிதிவெடி அகற்றும் பணியாளர்களின் கையில் பார்த்த கருவியாகவே நினைவில் இருக்கிறது. அந்த நினைவு பிழையானதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் தங்கியிருந்த போலந்துப் பொறியியலாளர் யோசெப் கோசாட்ஸ்கி வடிவமைத்த கையடக்கக் கண்ணிவெடி காட்டி, 1942இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் படையினருக்குப் பாதை திறக்க உதவியது. இன்றைய பொழுதுபோக்குக் கருவியின் அடிப்படையும் அதுவேதான். தட்டினுள் இருக்கும் கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் பரவுகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதனுள் சிறு மின்னோட்டங்கள் சுழன்று தமக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. அதை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைத் தாராளமாக விளங்கப்படுத்தலாம்.

முதல் பாடத்தை வீட்டிலேயே தொடங்குவது நல்லது. சில்லறை நாணயங்களை மேசையில் கொட்டி, ஒரு காந்தத்தைக் கொடுங்கள். 1992ஆம் ஆண்டு வரை ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் நாணயங்கள் வெண்கலத்தால் அடிக்கப்பட்டன. அதன்பின் செம்பு பூசிய உருக்குக்கு மாறியதால், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் ஒன்று காந்தத்தில் ஒட்டும், மற்றது ஒட்டாது. பழைய வெள்ளி நாணயங்களில் 1920க்கு முன் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி இருந்தது, 1920 முதல் 1946 வரை பாதிதான் இருந்தது, 1947 முதல் வெள்ளியே இல்லை என்பதையும் கூடவே சொல்லலாம். பிறகு அந்த நாணயங்களையும் ஓர் இரும்பு ஆணியையும் சோடா டின்னின் வளையத்தையும் புல்தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் கருவியை அசைத்து, ஒலியின் வேறுபாட்டைக் காதால் பழக வையுங்கள். அலுமினிய வளையத்தின் ஒலியும் மெல்லிய தங்க மோதிரத்தின் ஒலியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்பதால், குப்பை என்று கருவி சொல்வதையெல்லாம் ஒதுக்கும்படி அமைக்காமல், தொடக்கத்தில் எல்லா ஒலிக்கும் தோண்டிப் பார்க்க விடுவதே சரி.

கருவியைப் பொறுத்தவரை, எடை குறைந்ததும் தண்டைப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்பக் குறுக்கக்கூடியதுமான ஒன்று போதும். பொம்மைக் கடையில் விற்கும் மிக மலிவானவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல, சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் நாணயத்தைக்கூடக் காட்டாமல் பிள்ளையின் ஆர்வத்தை முதல் நாளிலேயே அணைத்துவிடுகின்றன. கையுறையும் மண் தோண்டும் சிறு கரண்டியும் வேண்டும். மண்ணுக்குள் கிடைக்கும் பழைய துப்பாக்கிக் குண்டுகள் ஈயத்தால் ஆனவை. எனவே கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

எங்கே தேடுவது என்பதில் பெற்றோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இந்நாட்டில் சொந்தக்காரர் இல்லாத நிலம் என்று எதுவுமில்லை. விவசாயியின் வயலாக இருந்தாலும், ஊராட்சி மன்றத்தின் பூங்காவாக இருந்தாலும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். எழுத்தில் பெறுவது நல்லது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் கரையில் தேடுவதற்குத் துறைமுக அதிகாரசபையின் அனுமதிப் பத்திரம் தேவை. சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற இடம், மன்றத்தின் அனுமதியுள்ள கடற்கரையின் உலர்ந்த மணல் பகுதி: தோண்டுவது எளிது, குழியை மூடுவதும் எளிது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈர மணலில் சாதாரணக் கருவிகள் வீணாக ஒலித்துக்கொண்டிருக்கும். புல்வெளியில் தோண்டும்போது, புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி மடல்போல் புரட்டி, பிறகு திரும்ப மூடி மிதித்துவிடப் பழக்க வேண்டும்.

போர்க்காலக் குண்டுகள் இந்நாட்டுக் கடற்கரைகளிலும் பழைய பயிற்சி வெளிகளிலும் இன்னும் அகப்படுகின்றன. துருப்பிடித்த, உருளையான, சந்தேகத்துக்குரிய எதைக் கண்டாலும் தொடாமல் விலகி, பெரியவரைக் கூப்பிட வேண்டும். பெரியவர் 999க்கு அறிவிக்க வேண்டும். இதை நம் பிள்ளைகளுக்கு ஏன் சொல்கிறோம் என்பது நம் வீடுகளில் எவருக்கும் விளக்கத் தேவையில்லாத ஒன்று.

இனிக் குறிப்பேட்டுக்கு வருகிறேன். 1992 நவம்பரில் சஃபோக் பகுதியின் ஹொக்ஸ்ன் என்ற கிராமத்தில், எரிக் லோஸ் என்பவர் ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியுடன் சென்றார். சுத்தியலுக்குப் பதிலாகத் தங்க, வெள்ளி நாணயங்கள் வெளிவரத் தொடங்கின. அவர் முழுவதையும் தோண்டி எடுக்கவில்லை. பாதியில் நிறுத்தி, நில உரிமையாளருக்கும் காவல்துறைக்கும் தெரிவித்தார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தபோது, ஏறத்தாழ 15,000 உரோம நாணயங்களோடு, அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் தடயங்களும், எந்தப் பொருள் எதனருகே அடுக்கப்பட்டிருந்தது என்ற விபரமும் கிடைத்தன. தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2010இல் சமர்செட் பகுதியின் ஃப்ரோம் அருகே டேவ் கிறிஸ்ப் என்பவர் ஒரு பெரிய மண்பானையின் வாயைக் கண்டவுடன் அதேபோல் மூடி வைத்துவிட்டு வல்லுநர்களை அழைத்தார். அதில் 52,503 உரோம நாணயங்கள் இருந்தன. அவற்றை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்ததால் ஒரு செய்தி தெரியவந்தது: காலத்தால் பிந்திய கராசியஸ் மன்னனின் நாணயங்களில் பெரும்பகுதி பானையின் மேற்பகுதியில் இல்லாமல், பாதிக்கும் கீழே கிடந்தது. ஆண்டாண்டாகச் சேமித்து வந்த பானையானால் பிந்தியவை மேலே இருந்திருக்கும். எனவே பானை ஒரே சமயத்தில் நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கண்டார்கள். அந்தப் பானையை ஒருவர் அவசரத்தில் சாக்கில் கவிழ்த்திருந்தால், 52,503 நாணயங்களும் நம்மிடம் இருந்திருக்கும்; இந்த உண்மை இருந்திராது.

பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுக்க விரும்புவது இதைத்தான். ஒரு பொருள் கிடைத்தவுடன், அதை வெளியே எடுக்கும் முன்னரே ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு திகதி, ஆழம், கைபேசி காட்டும் வரைபட இலக்கம், அருகில் என்ன இருந்தது ஆகியவற்றை எழுத வேண்டும். ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேல் பழைய பொருட்கள் வந்தாலோ, ஆழத்தில் பானையின் விளிம்பு தெரிந்தாலோ, கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். துடைத்துப் பளபளப்பாக்கவும் கூடாது. தேய்த்த நாணயத்தின் முகம் திரும்ப வராது. நிறுத்தப் பழகுவது பிள்ளைக்குக் கடினம், பெரியவருக்கும் கடினம்.

எழுதியதைக் கொண்டு போக ஓர் இடமும் இருக்கிறது. 1997இல் தொடங்கி, பின்னர் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் விரிந்த போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற திட்டத்தின்கீழ், பகுதிதோறும் ஓர் அலுவலர் இருக்கிறார். பொதுமக்கள் கண்டெடுத்த 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அவர்களால் பதியப்பட்டிருக்கின்றன. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேல் பழையதும் நூற்றுக்குப் பத்துப் பங்காவது தங்கமோ வெள்ளியோ கொண்டதுமான பொருளைப் போன்றவற்றை, கொரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் அறிவிப்பது கட்டாயம். தனித்துக் கிடைக்கும் ஒற்றை நாணயம் பொதுவாக இதில் அடங்காது. ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு. அங்கே கிடைக்கும் தொல்பொருள் அனைத்தையும் அறிவிக்க வேண்டும். கடற்கரையில் அண்மையில் தொலைந்த மோதிரம் கிடைத்தால் அது கண்டவருக்குச் சொந்தமாகாது. உரியவரைத் தேட முயல வேண்டும்.

2009இல் எசெக்ஸின் ஹொக்லி என்ற ஊரில், நான்கு வயது நிரம்பாத ஒரு சிறுவன் தாத்தாவின் கருவியோடு வயலில் நடந்தபோது, சிலுவை தாங்கிய பெண்ணுருவம் பொறித்த 16ஆம் நூற்றாண்டுத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதுவும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், ஆனால் முதல் நாளில் சொல்லாதீர்கள். ஆணியும் பொத்தானும் வளையமும் கிடைக்கும் நாட்களையே பிள்ளை பெரும்பாலும் காணப்போகிறது. தங்கத்தை எதிர்பார்த்துப் போகும் பிள்ளை, 200 ஆண்டுப் பழமையான ஒரு பொத்தானை வீசிவிடும்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இக்கருவியைப் பயணப்பெட்டியில் வைக்க வேண்டாம். இலங்கையில் அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது தண்டனைக்குரிய குற்றம். கருவியைக் கையில் வைத்திருப்பதே புதையல் தேடும் முயற்சியாகக் கருதப்படலாம். பிள்ளையின் ஆர்வத்தை விளக்கிச் சொல்லி அதிகாரிகளைச் சமாதானப்படுத்த முடியாது.

தனியே அழைத்துச் செல்லத் தயங்குவோர், 8 முதல் 16 வயது வரையானோருக்காக நாடெங்கும் இயங்கும் இளந்தொல்லியலாளர் கழகத்தின் கிளை உங்கள் பகுதியில் உண்டா என்று பாருங்கள். சொந்தமாகத் தொடங்க விரும்புவோருக்கு, அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னுள்ள ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் வயலில் தேட ஏற்ற காலம். அதற்காக அருகிலுள்ள ஒரு விவசாயிக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் பெயரையும் அதில் சேர்த்து, கிடைப்பதையெல்லாம் அவருக்குக் காட்டுவதாக எழுதிக் கையொப்பமிட வையுங்கள்.

நன்றி, வணக்கம்.