முதலில் யார் போவது?

(சென்னையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் மாலை வணக்கம். ஆறு மணிக் கூட்டம் ஆறே முக்காலுக்குத்தான் தொடங்குகிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே சாலையில்தானே வந்தோம்!

அழைப்பிதழில் ‘சாலை ஒழுக்கம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஒழுக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு ஆசையில்லை. “நம்ம ஜனங்களுக்கு ஒழுக்கமே கிடையாது சார்” என்று டீக்கடையில் நின்று சொல்பவரின் வண்டி, பெரும்பாலும் அந்த டீக்கடை வாசல் நடைபாதை மேல்தான் நிற்கும். அதனால் அந்தப் பெரிய வார்த்தையை ஒதுக்கி வைத்துவிட்டு, சின்னக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். முதலில் யார் போவது?

சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. சிக்னலோ போலீஸோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். கிளைச் சாலையிலிருந்து பிரதான சாலையில் ஏறுபவர், அதில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. வரிக்குதிரைக் கோட்டில் நடப்பவருக்கு முன்னுரிமை. 1989-இல் போட்ட சாலை விதிகளிலும் சரி, அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த விதிகளிலும் சரி, இந்த விஷயத்தில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை.

சென்னைச் சாலையில் இதே கேள்விக்கு வேறு பதில். யார் முதலில் மூக்கை நுழைத்தாரோ அவர் போவார். அவ்வளவுதான். இந்த ஊரின் போக்குவரத்துத் தொல்லைகளில் பாதியை இந்த ஒரு பதிலிலிருந்தே விளக்கிவிடலாம் என்பது என் கட்சி.

இதை நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? லைசென்ஸ் எடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடச் சொன்னார்கள். கால் ஊன்றாமல் எட்டுப் போட்டால் பாஸ். கார் என்றால் ‘எச்’. இரண்டுமே வண்டியை வளைக்கவும் நிறுத்தவும் தெரியுமா என்று பார்க்கும் சோதனைகள். தேவையானவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மைதானத்தில் வேறு யாருமே இல்லையே! எதிரில் ஷேர் ஆட்டோ இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அம்மா இல்லை. காலி மைதானத்தில் தேறியவர்களை மறுநாள் வடபழனி சிக்னலில் இறக்கிவிடுகிறோம். பயிற்சிப் பள்ளியில் கியர் போடவும் கிளட்சை விடவும் சொல்லித் தருகிறார்கள். எப்போது நின்று வழிவிட வேண்டும் என்று தனியாகச் சொல்லித் தந்த பள்ளியில் படித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

(இரண்டு கைகள் உயர்ந்தன.)

சரி, இரண்டு பேராவது இருக்கிறீர்கள்.

அப்புறம், நம்முடைய சாலை மொழியைப் பாருங்கள். லண்டனில் எதிரில் வருபவர் ஹெட்லைட்டை ஒரு முறை சிமிட்டினால் பெரும்பாலும் “நீங்கள் போங்கள்” என்று பொருள். இங்கே அதே சிமிட்டலுக்கு “நான் வந்துகொண்டே இருக்கிறேன், நீ நில்லு” என்று பொருள். ஹாரனும் அப்படித்தான். ஆபத்து என்று எச்சரிக்க வைத்த கருவி, உரிமை கொண்டாடும் கருவியாகிவிட்டது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம் அறிவிக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அரசு பொது மருத்துவமனை வாசலில் பத்து நிமிடம் நின்று கேளுங்கள், எந்த மண்டலத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

சிக்னலில் சிவப்பு விளக்கின் நொடிகள் குறைந்துகொண்டே வரும். ஐந்து என்று காட்டும்போதே முன்வரிசை நகர ஆரம்பித்துவிடுகிறது. குறுக்குச் சாலையிலோ மஞ்சள் விழுந்த பிறகும் கடைசியாக நான்கு பைக் உள்ளே வருகிறது. இரண்டு கூட்டமும் நடுவில் சந்திக்கின்றன. ஐந்து நொடி மிச்சம் பிடிக்கப் போனவர்கள் ஒரு முழுச் சுற்றையே இழக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் அறிவியல் சொல்கிறேன். ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். எல்லோரும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போக வேண்டும். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, மாடு இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் நெரிசல் உண்டாகிவிட்டது! ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க, அதற்கும் பின்னால் இருந்தவர் நின்றே போனார். அந்த நிறுத்தம் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. அங்கே யாரும் தப்புச் செய்யவில்லை. இடைவெளி போதவில்லை, அவ்வளவே.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். முன்னால் போகும் காருக்குப் பின்னால் ஒரு கார் நீளத்துக்கு நீங்கள் இடம் விட்டால், அது யாருக்கு இடம்? உங்கள் பாதுகாப்புக்கு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பக்கத்தில் வரும் ஆட்டோ தனக்கென்று நினைக்கிறது. ஆகவே யாரும் இடம் விடுவதில்லை. எல்லோரும் பம்பரோடு பம்பர் ஒட்டிக்கொண்டு, ஒருவர் பிரேக்கை மிதித்தால் கிண்டியிலிருந்து சைதாப்பேட்டை வரை மிதிக்கிறோம்.

சந்திப்பில் இது இன்னும் மோசம். எதிர்ப்பக்கம் இடமில்லை என்றால், பச்சை எரிந்தாலும் சந்திப்புக்குள் நுழையக் கூடாது. நாம் நுழைகிறோம். நடுவில் மாட்டிக்கொள்கிறோம். அடுத்த பக்கத்துக்குப் பச்சை விழுகிறது, அவர்களாலும் போக முடியவில்லை. வாய் குறுகிய பாட்டிலில் அரிசியை ஒரேயடியாகக் கவிழ்த்தால் ஒரு மணிகூட இறங்காது, தெரியும்தானே.

நம்முடைய மேம்பாலங்களையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். 1973-இல் ஜெமினி மேம்பாலம் திறந்தார்கள். 2008-இல் கத்திப்பாராவில் பூவிதழ் வடிவத்தில் அவ்வளவு பெரிய மேம்பாலம் வந்தது. மேம்பாலம் என்ன செய்கிறது? இரண்டு சாலைகள் ஒன்றையொன்று வெட்டாமல் பிரித்துவிடுகிறது. அதாவது, ‘முதலில் யார் போவது’ என்ற கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்கிறது. கோடிக்கணக்கில் செலவு செய்து அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கிறோம். ஆனால் பாலம் ஓரிடத்தில் இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கி, கீழே போகும் சாலையோடு சேரும் இடத்தில் அதே கேள்வி காத்திருக்கிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிச் சேர்ந்தால் நகர்ந்துகொண்டே இருக்கலாம். நாம் மாறி மாறி ஹாரன் அடிக்கிறோம்.

“அதெல்லாம் நம்ம ரத்தத்திலேயே இல்லை சார்” என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 108 ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் என்ன ஆகிறது? அண்ணா சாலை அடைபட்டுக் கிடக்கும் நேரத்தில்கூட எங்கிருந்தோ ஒரு வழி பிறக்கிறது. பைக்கில் இருப்பவர் முன்னால் இருப்பவரின் முதுகைத் தட்டி “அண்ணே, ஆம்புலன்ஸ்” என்கிறார். ஒருவர் வண்டியை விட்டு இறங்கியே வழி ஒதுக்குகிறார். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்தில் வந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தெருவில் யாரும் அபராதத்தை நினைத்து ஒதுங்குவதில்லை. முதலில் யார் போவது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை, அதனால் ஒதுங்குகிறார்கள். (ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பறக்கும் இரண்டு பைக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இனி, வரிசையில் கடைசியாக நிற்பவரிடம் வருகிறேன். நடந்து போகிறவர்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 44 சதவீதத்துக்கு மேல். நடந்து போனவர்கள் 19 சதவீதத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு, 64,105. பஸ்ஸுக்கோ காருக்கோ காத்திருக்காமல் காலை மட்டும் நம்பி வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள், இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு வருகிறார்கள்.

சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. அதன் பலனாகச் சில சாலைகளில் நடைபாதை அகலமானது. 2019-இல் பாண்டி பஜாரில் திறந்த நடைபாதை வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். வயதானவர்கள் கைத்தடியோடு உலாவுகிறார்கள், கடைகளும் நன்றாகத்தான் ஓடுகின்றன. அங்கிருந்து உஸ்மான் சாலைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மற்ற இடங்களில் நடைபாதை என்பது மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர், விளம்பரப் பலகை, பிள்ளையார், நான்கு பைக், ஒரு இட்லிக் கடை. எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு, நடப்பவரைத் தவிர. இட்லிக் கடைக்காரரை விரட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் நகரத்தில் இடம் வேண்டும். ஆனால் கார் வாங்கிய வீட்டுக்காரர் நடைபாதை மேல் சரிவுத் தளம் போட்டுக்கொண்டதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நடைபாதை இல்லாதவர் சாலையில் இறங்குகிறார். அவரைத் தவிர்க்க பைக் வலப்பக்கம் ஒடிக்கிறது. பைக்கைத் தவிர்க்கக் கார் ஒடிக்கிறது. பஸ் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்பதால் பஸ் நடுச்சாலையில் நிற்கிறது. ஏற வேண்டியவர்கள் நடுச்சாலைக்கு ஓடுகிறார்கள். பின்னால் வருபவர் “பஸ்காரன் திமிரைப் பார்” என்கிறார். எங்கே தொடங்கியது என்று அவருக்குத் தெரியாது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறது. தகரத் தடுப்பு வைத்த இடங்களில் முதலில் காணாமல் போவது நடைபாதைதான். மெட்ரோ வேண்டாம் என்பவன் அல்ல நான். அறுபது எழுபது பேரைச் சுமக்கும் பஸ்ஸும், அதைவிடப் பல மடங்கு பேரைச் சுமக்கும் ரயிலும் வந்தால்தான் இந்த ஊர் நகரும். ஆனால் ரயிலடிக்கு நடந்துதானே போக வேண்டும்?

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 2023-இல் சென்னைப் போலீஸ் காருக்கு 60, இருசக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் 30 என்று வேக வரம்பு அறிவித்தது. “60-இல் ஊர்வதா?” என்று பலர் கொதித்தார்கள். பத்து கிலோமீட்டர் தூரத்தை 60-இல் போனால் 10 நிமிடம், 75-இல் போனால் 8 நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடம். வழியில் ஒரு சிவப்பு விளக்கு அதைத் தின்றுவிடும். இன்னொரு பக்கம், 50-இல் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் தாண்டுகிறது. செல்போனில் வந்த செய்தியை மூன்று நொடி பார்த்தால் 42 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

உணவு கொண்டுவரும் பையன்களைப் பலர் திட்டுகிறார்கள். அவர்கள் ராங் சைடில் வருவது தப்புதான். ஆனால் பத்து நிமிடத்தில் வேண்டும் என்று பட்டனை அழுத்தியது நாம். அவசரம் நம்முடையது, ஆபத்து அவருடையது. இந்த ஏற்பாட்டில் அவரை மட்டும் நிறுத்தி அபராதம் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 18 வயதாகாத மகனிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோர் விஷயம் வேறு. அங்கே சட்டம் பெற்றோரைத்தான் பிடிக்கிறது, 25,000 ரூபாயும் மூன்று ஆண்டு வரை சிறையும். காலையில் பள்ளி வாசலுக்குப் போய்ப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு அப்பா ராங் சைடில் வருகிறார். அந்தக் குழந்தையின் டிரைவிங் ஸ்கூல் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

கேமரா வைத்தால் சரியாகிவிடுமா? ஓரளவு ஆகும். செலான் செல்போனுக்கே வருவதால் “அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று சொல்ல ஆளில்லை, அது நல்லது. ஆனால் கேமரா சிவப்பு விளக்கைப் பார்க்கும், ஹெல்மெட்டைப் பார்க்கும். வழிவிட்டீர்களா என்று அதனால் பார்க்க முடியாது. அதற்கு மனிதர் வேண்டும். டிராஃபிக் ராமசாமியை நினைவிருக்கும். பாரிமுனையில் தானாகவே நின்று போக்குவரத்தைச் சீர்செய்ததால் வந்த பெயர் அது. பிறகு வழக்கு மேல் வழக்குப் போட்டார். மீன்பாடி வண்டிகளில், அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளில், மோட்டார் வைப்பதை எதிர்த்தும் நீதிமன்றம் போனார். அவருடைய எல்லா வழக்குகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 2021-இல் காலமானார். அந்தப் பிடிவாதம் இப்போது வார்டுக்கு ஒருவருக்கு இருந்தால்கூடப் போதும் என்று தோன்றுகிறது.

கேள்வி நேரத்துக்கு முன் ஒரு விஷயம். இந்த நூலக வாசலில் வரிக்குதிரைக் கோடு அழிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளி வரை நடைபாதை மூன்று இடங்களில் உடைந்திருக்கிறது. வாசகர் வட்டத்தின் சார்பில் மண்டல அலுவலகத்துக்கும் கவுன்சிலருக்கும் ஒரு மனு எழுதி, அந்த மூன்று இடங்களின் படங்களையும் சேர்த்து, தேநீர் மேசை பக்கத்தில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் போடலாம். மைக்கைக் கடைசி வரிசைக்குக் கொடுங்கள், அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.