10.20 மணிக்கு ஏன் கடிக்கிறான்?

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெரியோரே, கல்முனை, காரைதீவு, காத்தான்குடி, படுவான்கரை என்று எட்டத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, வணக்கம்.

ஓட்டிசம் (autism), அதாவது பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலை, உள்ள பிள்ளையின் நடத்தையை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுவது வைத்தியர் சொல்லும் பெயரா, வீட்டிலும் வகுப்பிலும் நாம் செய்யும் அன்றாடக் கவனிப்பா? இதுதான் இன்றைய தலைப்பு. அன்றாடக் கவனிப்பே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வலுவான ஒரு வாதத்தை வைத்தார். பெயர் வந்த பிறகுதான் தாயின் தலையிலிருந்த பழி இறங்கியது என்றார். அதை நான் மறுக்கவில்லை. 1943இல் மனநல வைத்தியர் லியோ கானர் இந்த நிலையை விரிவாக எழுதியபோதே, பெற்றோரிடம் பாசம் குறைவாகத் தெரிகிறது என்றும் எழுதிவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் தாயின் குளிர்ந்த மனந்தான் காரணம் என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் தானும் ஓட்டிசப் பிள்ளையின் தகப்பன். 1964இல் அவர் இதை மூளை வளர்ச்சியோடு சேர்த்து விளக்கிய பிறகே அந்தப் பழி ஆட்டங்காணத் தொடங்கியது. எங்கள் ஊர்களில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. "தாய்க்காரி குவைத்துக்குப் போனாள், பிள்ளை இப்படியாயிற்று" என்ற பேச்சை இந்தச் சபையில் கேட்காதவர்கள் குறைவு. தாய் வெளிநாடு போவதால் ஓட்டிசம் வராது. தடுப்பூசியாலும் வராது. அப்படி ஐயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் மீளப் பெற்றுக்கொண்டது. இதுவரைக்கும் இரண்டு அணியும் ஒரே பக்கம்.

ஆனால் நடுவர் அவர்களே, பழியை இறக்கிய பெயர், காரணத்தைச் சொல்லிவிட்டதா? "பிள்ளை ஏன் கையைக் கடிக்கிறான்?" "ஓட்டிசம் இருக்கு." "ஓட்டிசம் இருக்கென்று எப்படித் தெரியும்?" "இப்படிக் கையைக் கடிக்கிறான், கூப்பிட்டால் திரும்புகிறானில்லை." செக்கு மாடுபோலச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம். முன்பு 'நாவூறு' என்றார்கள், 'பார்வை' என்றார்கள். கட்டாடியாரிடம் நூல் கட்டினார்கள், லெப்பையிடம் தண்ணி ஓதி வாங்கினார்கள். அன்பினால் செய்தார்கள், அதை நான் இகழவில்லை. ஆனால் 'பார்வை' இருந்த இடத்தில் 'ஓட்டிசம்' என்ற சொல்லை வைத்துவிட்டுக் கேள்வியை நிறுத்தினால், நாளை காலையும் அதே கை, அதே கடி.

எங்கே தொடங்குவது? உடம்பில். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரெனத் தொடங்கிய நடத்தை என்றால், வேறெதற்கும் முன் வாயைத் திறந்து பாருங்கள். சூத்தைப் பல், காதுக்குள் சீழ், மலச்சிக்கல், நெஞ்செரிவு. ஒரு பக்கத்துக் காதடியில் மட்டும் அடிக்கிறானா? சாப்பிடும்போது கூடுதா, படுத்தால் கூடுதா? மலம் போய் எத்தனை நாள்? ஓட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். ஆகவே தொட்டாலும் திரும்பாமல் சில விநாடிகள் வெறித்து நிற்கிறான் என்றால், போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும். வாய் பேசாத பிள்ளை பல்வலியில் சுவரில் தலையை இடிக்கும்போது "ஓட்டிசப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய கொடுமை! எதிரணி போற்றுகிற அந்தப் பெயரே அங்கே நோவுக்குத் திரையாகிவிடுகிறது.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு ஒரு அப்பியாசக் கொப்பி போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: முன்பு என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே பின்பு என்ன நடந்தது. 'குழப்படி செய்தான்' என்று எழுதினால் அந்த வரி வீண். 'வலது மணிக்கட்டைக் கடித்தான், 4 தரம்' என்று எழுதுங்கள். ஒரே ஒரு நடத்தை, இரண்டு கிழமை, நடந்த சில நிமிடங்களுக்குள். இரவில் நினைவிலிருந்து எழுதினால், நம் கோபம் ஆறாமல் எழுத்தில் வந்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. 10.30 மணிக்கு இடைவேளை. திங்கள், புதன், வியாழன் 10.20க்குக் கடிக்கிறான். இடைவேளைக்குத் தண்டவாளத் துண்டில் அடிக்கிற மணிக்குப் பயப்படுகிறான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கொப்பியைப் பாருங்கள்: செவ்வாயும் வெள்ளியும் கடியில்லை, ஆனால் அன்றும் அதே மணிதான் அடிக்கிறது! முதல் கட்டத்தை மேலிருந்து கீழாக வாசித்தால் விடை வரும். கடிக்கிற மூன்று நாளும் அந்தப் பாடவேளை பார்த்தெழுதுதல், மற்ற இரண்டு நாளும் சித்திரம். மூன்றாம் கட்டத்தையும் வாசியுங்கள்: 'வெளியே வேப்ப மரத்தடியில் இருத்தினோம்.' ஆசிரியை அதைத் தண்டனையாக நினைத்தார், பிள்ளைக்கு அது விடுதலை. கடித்தால் எழுத்து நிற்கும் என்று நாமே கிழமைக்கு மூன்று தரம் படிப்பித்திருக்கிறோம்.

இதையே உளவியலாளர்கள் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985இல் எடுத்துக் காட்டினார்கள். அந்த நடத்தை பிள்ளைக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறதோ, அதே வேலையைச் செய்யும் ஒரு சொல்லைக் கொடுங்கள், நடத்தை குறையும் என்றார்கள். எங்கள் பிள்ளைக்கு அந்தச் சொல் 'போதும்'. வாய்ப்பேச்சு இல்லையென்றால் உள்ளங்கை அளவு மட்டையில் ஒரு கைப் படம். மட்டை பிள்ளையின் மேசையிலேயே இருக்க வேண்டும், ஆசிரியையின் அலுமாரியில் அல்ல. கடி வரும் நேரத்துக்கு முன்பே, பின்னால் நின்று கையைப் பிடித்து மட்டையை நீட்டப் பழக்குங்கள். நீட்டிய கணமே எழுத்து நிற்க வேண்டும், ஒரு எழுத்துத்தான் எழுதியிருந்தாலும். பெரும்பாலும் இங்கேதான் பிழை விடுகிறோம். முதல் நாளே "இன்னும் ஒரு வரி எழுதிவிட்டுப் போ" என்கிறோம். மட்டை வேலை செய்யாது, கடிதான் வேலை செய்யும் என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறான். மட்டை நிலைத்த பிறகுதான் 5 விநாடி, 10 விநாடி, ஒரு வரி, இரண்டு வரி என்று காத்திருப்பைக் கூட்டலாம். அதோடு, எழுத்து ஏன் கசக்கிறது என்றும் பாருங்கள். பென்சில் பிடிக்க விரல் நோகலாம், கரும்பலகை எட்டத்தில் இருக்கலாம்.

ஒரே செயலுக்கு ஒரே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். ஒருவன் வேலையிலிருந்து தப்பக் கடிப்பான், ஒருவன் போனை வாங்கக் கடிப்பான், ஒருத்தி யாராவது திரும்பிப் பார்க்கக் கடிப்பாள், வேறொருத்திக்கு அந்த அழுத்தமே இதமாக இருக்கும். நால்வருக்கும் பெயர் ஒன்று, வைத்தியர் எழுதிய துண்டிலும் ஒரே சொல். மரத்தடியில் இருத்துவது முதலாமவனின் கடியைக் கூட்டும், மற்ற மூவருக்கும் பலன் வேறு வேறு. பெயரை வைத்து இந்த நால்வரையும் பிரித்துக் காட்ட எதிரணியால் முடியுமா?

போனுக்காகக் கத்துகிற பிள்ளையிடம் இன்னொன்று கவனிக்க வேண்டும். கொடுப்பதை நிறுத்தினால் கத்தல் உடனே குறையாது, முதலில் கூடும். மூன்றாம் நாள் அயல்வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள், அம்மம்மா அழுவார், போன் கைக்குப் போய்விடும். அன்று பிள்ளை படித்த பாடம்: மூன்று நாள் கத்த வேண்டும். இடையில் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் தொடங்காமலிருப்பதே மேல்.

சத்தம் வேறு விதம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் உடுக்கும் பறையும் ஒலிபெருக்கியும் ஒன்றாக எழும்போது நிலத்தில் விழுந்து கத்துகிற பிள்ளை எதையும் கேட்டுக் கத்தவில்லை. எதைக் கொடுத்தாலும் அது நிற்காது. அதற்கு முன்பே காதைப் பொத்தியிருப்பான், முனகியிருப்பான், குறுக்கும் நெடுக்கும் நடந்திருப்பான். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியின் முகத்துக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப் போங்கள், பேச்சைக் குறையுங்கள்.

"கேட்டதையே திருப்பிச் சொல்கிறான், அர்த்தமில்லாத பேச்சு" என்றார் எதிரணி நண்பர். "தண்ணி வேணுமா?" என்று பிள்ளை தாயிடம் கேட்கிறான். அவனுக்குத்தான் தண்ணி வேணும்! தாகமாயிருந்தபோதெல்லாம் காதில் விழுந்த வசனம் அதுதானே. இப்படித் திருப்பிச் சொல்வதற்குப் பல பயன்கள் இருப்பதை 1981இலேயே பேச்சு மொழி நிபுணர் பாரி பிரிசன்ட் விவரித்திருக்கிறார். குவளையை நீட்டி "தண்ணி வேணும்" என்று அவன் சொல்ல வேண்டிய வடிவத்திலேயே சொல்லிக் கொடுங்கள். கையை உதறுவதையும் சுற்றிச் சுற்றி ஆடுவதையும் விட்டுவிடுங்கள். அதனால் யாருக்கு நோகிறது?

மருந்து இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. ஓட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சல் குணத்துக்கு ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை 2006இல் அமெரிக்கா அனுமதித்தது. சில பிள்ளைகளுக்கு நன்றாக உதவும், பசியும் உடல் நிறையும் தூக்கமும் கூடலாம். வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் அந்தக் குளிசை 10.20 மணிப் பார்த்தெழுதுதலை மாற்றாது.

கடைசியாகக் கேட்டார்கள், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியை எப்போது கொப்பி எழுதுவார் என்று. நியாயமான கேள்வி. கொப்பிக்கு நேரமில்லையென்றால் ஒரு தாளில் குறுக்கே ஐந்து நாள், நெடுக்கே 7.30 முதல் 1.30 வரை அரை மணிக்கொரு கட்டம், மொத்தம் 60 கட்டம். கடித்தால் ஒரு புள்ளி. இரண்டு கிழமைக்கு இரண்டு தாள். புள்ளிகள் கூடி நிற்கிற கட்டத்துக்கு மட்டும் மூன்று நாள் மூன்று கட்டக் கொப்பியை எழுதட்டும். அந்தத் தாளை அடுத்த கிளினிக்குக்குத் தாய் கொண்டுபோகட்டும், அதைப் பார்த்த பிறகு வைத்தியரும் வேறு கேள்விகள் கேட்பார்.