நடுராத்திரியிலும் ரயில் வருகிறதே, அது யாரால்?

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

நியூயார்க் நகரின் சுரங்க ரயிலான சப்வேயின் பெருமைக்குக் காரணம் அதைக் கட்டியவர்களா, அன்றாடம் இயக்குகிறவர்களா? இதுதான் இன்றைய கேள்வி. எதிரணி நண்பர் தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்க்லே பார்சன்ஸைப் பற்றி மனம் நிறையப் பேசினார். 1900-இல் தோண்ட ஆரம்பித்து, 1904 அக்டோபர் 27 அன்று 28 நிலையங்களோடு ரயில் ஓடவிட்டார்கள் என்றார். எக்ஸ்பிரஸுக்கு இரண்டு, எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலுக்கு இரண்டு என நான்கு தடங்கள் போட்ட தொலைநோக்கைச் சொன்னார். அத்தனையும் உண்மை. அந்த மனிதரை நானும் வணங்குகிறேன்.

சரி, அந்த நான்கு தடங்களில் ராத்திரி என்ன நடக்கிறது? உலகத்தின் பெரும்பாலான மெட்ரோக்கள் நள்ளிரவில் கதவைச் சாத்திவிட்டுப் பழுது பார்க்கும். இங்கே 24 மணி நேரமும் ஓட்டம். ஒரு தடத்தில் ஆட்கள் இறங்கி வேலை செய்யும்போதே பக்கத்துத் தடத்தில் ரயில் போகிறது. விளக்கும் விசிலுமாக ஒருவர் காவல் நிற்கிறார். அவர் குரல் கொடுத்ததும் மற்றவர்கள் கருவிகளோடு ஒதுங்குகிறார்கள்; ரயில் கடந்ததும் மறுபடி இறங்குகிறார்கள். தடம் போட்டவர் ஒரு முறை போட்டார். இவர்கள் ஒவ்வொரு ராத்திரியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்புறம், அவர்கள் கட்டிய சிட்டி ஹால் நிலையம். ஓடு பதித்த வளைவுக் கூரையும் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சமுமாக அவ்வளவு அழகு! ஆனால் அதன் நடைமேடை வளைவானது. நீளமான புது ரயில்கள் வந்தபோது ஒத்துவரவில்லை. 1945 டிசம்பர் 31-ஓடு மூடிவிட்டார்கள். இன்று 6-ஆம் எண் ரயில் அந்த வளைவில் நிற்காமல் திரும்பிப் போகிறது. கட்டிய அழகு மூடிக் கிடக்கிறது; ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

1918 நவம்பர் 1-ஐ மறக்க முடியுமா? நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். ரயிலை ஓட்டிப் பழகாத ஓர் அலுவலக ஊழியரை உட்கார வைத்தார்கள். மால்போன் தெரு சுரங்க முகப்பில் மெதுவாகப் போக வேண்டிய வளைவுக்குள் ரயில் வேகமாகப் பாய்ந்தது. மரப்பெட்டிகள் நொறுங்கின. 90 பேருக்கு மேல் இறந்தார்கள். சுரங்கமும் தண்டவாளமும் அப்படியேதான் இருந்தன. அன்றைக்கு இல்லாமல் போனது அனுபவமுள்ள ஒரு கை. எதிரணி நண்பரே, இதற்கு உங்கள் வரைபடத்தில் பதில் இருக்கிறதா?

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மழையே பெய்யாத நாளில்கூட அந்தச் சுரங்கங்களிலிருந்து சுமார் 1.3 கோடி கேலன் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறார்கள். பம்புகளைக் கவனிக்க ஆளில்லை என்றால் பார்சன்ஸ் கட்டியது கிணறாகிவிடும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது ஒரு நாள் முன்னதாகவே சேவையை நிறுத்தி, பெட்டிகளை மேட்டுப் பகுதிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆற்றுக்கு அடியில் போகும் ஏழு சுரங்கங்களில் கடல் புகுந்தது. இருந்தும் நவம்பர் 1 அன்று ஒரு பகுதியில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ராப்பகலாக நின்று இறைத்தார்களே, அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இன்னும் ஒரே ஒரு காட்சி.

ரயில் நிலையத்துக்குள் வந்து நிற்கிறது. நடுப்பெட்டியில் இருக்கும் நடத்துநர் ஜன்னலைத் திறக்கிறார். எதிரே, நடைமேடையின் நடுவில், வரிக்குதிரைபோலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பலகை தொங்குகிறது. அதை நோக்கி விரலை நீட்டுகிறார். பலகை நேர் எதிரே இருந்தால் ரயில் முழுவதும் நடைமேடைக்குள் நிற்கிறது என்று பொருள். அப்புறம்தான் கதவு திறக்கும். 1996-இலிருந்து இதுதான் விதி. மொத்தம் 472 நிலையங்கள். அந்த விரல் சோம்பி நின்றால், கடைசிப் பெட்டியின் கதவு இருட்டுச் சுரங்கத்துக்குள் திறந்துவிடலாம். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் காலை எடுத்து வெளியே வைத்துவிடலாம்.

அந்த விரலின் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி.