மேலே பெய்த மழை

எல்லோருக்கும் வணக்கம்.

தாமிரபரணி வெள்ளத்தைப் பற்றிக் கூட்டம் நடந்தால் ஆற்றங்கரைக்காரர்கள்தான் பேசுவார்கள். திருநெல்வேலியில் கைலாசபுரம், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் இருந்தவர்கள் எழுந்து, தண்ணீர் வீட்டுக்குள் எதுவரை வந்தது என்று கையை உயர்த்திக் காட்டுவார்கள். அவர்கள் பேச வேண்டியதுதான். ஆனால் நான் மலைக்காரன். அந்தத் தண்ணீர் எங்கே மழையாக விழுந்ததோ, அங்கே வளர்ந்தவன். அந்த வெள்ளம் வந்த 1992 மழைக்காலத்தில் நான் பள்ளிக்கூடத்துப் பையன். எங்களுக்கு அது எப்படி இருந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, செக்போஸ்ட்டைக் கடந்து, காட்டுக்குள் வளைந்து வளைந்து பஸ் ஏறினால் மாஞ்சோலை. அதற்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு, வெட்டித் திருத்தித் தேயிலை ஆனது. வெட்டியவர்களும் நட்டவர்களும் கீழேயிருந்து பிழைக்கப் போன நம் சனங்கள். எங்கள் தாத்தா அப்படிப் போனவர். நாலுமுக்கில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் ஒன்று எங்களுடையது.

பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வதோடு சரி. வெயில் வந்ததும் போய்விடும். மலையில் அப்படி இல்லை. ஆனியில் தென்மேற்கு மழை பிடிக்கும். அது ஓய்ந்து கொஞ்சம் வெயில் பார்ப்பதற்குள் ஐப்பசியில் கீழ்க்காற்று மழையைக் கொண்டுவரும். தை பிறக்கும்வரை துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, பள்ளிக்கூடத்துச் சட்டையை அதில் போட்டுப் புகையில் காயவைப்பார்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் மேலும் ஒரே விறகுப்புகை வாடைதான் அடிக்கும். தீப்பெட்டி நமத்துப்போகும் என்று அம்மா அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். விடிந்தும் விடியாமல் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கக் காட்டுக்குள் இறங்குவாள். சாயங்காலம் வந்ததும் முதல் வேலை, காலில் இருக்கிற அட்டையைப் பார்ப்பது. புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்தால் சுருண்டு விழும். விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காது. கால்மாட்டில் ஒரு பழந்துணி எப்போதும் கிடக்கும்.

அம்மாவின் விரல்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேயிலைக் கறை ஏறி நகக்கண் எல்லாம் கறுப்பு. குளிரில் அந்தக் கறுப்பு வெடித்து உள்ளே சிவப்பாகத் தெரியும். ராத்திரி தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து வெடிப்பில் விடுவாள். நானும் தங்கையும் அந்த எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவோம். எல்லா வருடமும் நடப்பதுதான் இது. 1992-ல் இதற்கு மேலே ஒன்று வந்தது.

ஐப்பசிக் கடைசி. சில நாளாகவே அடைமழை. பள்ளிக்கூடம் கிடையாது. எங்களுக்குச் சந்தோஷம், அதை மறைக்கவா முடியும்? வாசலில் ஓடுகிற தண்ணீரில் தேயிலைக் குச்சியை விட்டு, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். அப்புறம் ஒரு நாள் மழையின் சத்தம் மாறியது. தகரக்கூரையில் துளி விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்கும் இல்லையா? அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. மேலே ஒரே இரைச்சல். வீட்டுக்குள் ஒருவர் வாயசைப்பது தெரிகிறது, குரல் கேட்கவில்லை. அப்பா எங்களிடம் கையால்தான் பேசினார். தாத்தா மட்டும் வாசல்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதிர்ச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடையின் நிறத்தைப் பார்க்கிறார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தண்ணீர் சட்டென்று கலங்கலாக மாறினால் பயம்தான். வந்துகொண்டிருந்த ஓடை சட்டென்று குறைந்தால் அதைவிடப் பயம். மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை மறித்திருக்கிறது, மறித்தது உடைத்துக்கொண்டு வரும் என்று அர்த்தம்.

இருட்டுகிற நேரத்தில் தாத்தா எழுந்துவந்து அம்மா தோளைத் தட்டினார். அவ்வளவுதான். போர்வைக்குள் எங்களைச் சுருட்டி, வரிசையில் இருந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, மேட்டில் இருந்த கட்டடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். விடியவிடியப் பிள்ளைகளை நடுவில் போட்டுப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கருப்பட்டிக் காப்பி போட்டார்கள். குளிரில் டம்ளர் பல்லில் பட்டு டகடகவென்று அடித்தது. நடுராத்திரியில் ஒரு அதிர்வு, தரை வழியாக வந்தது. காலையில் பார்த்தால், எங்கள் லயனுக்குக் கீழ்ப்பக்கம் பச்சையாக இருந்த சரிவில் ஒரு நீளத்துக்குச் செம்மண். தேயிலைச் செடியும் இல்லை, நடைபாதையும் இல்லை. எங்கள் வரிசையில் உயிர்ச்சேதம் ஒன்றும் ஆகவில்லை.

தோட்டங்களில் தினமும் காலையில் மழையை அளந்து நோட்டில் எழுதும் வழக்கம் உண்டு. காலை எட்டரைக்கு எட்டரை ஒரு நாள் கணக்கு. இன்றைக்கும் மழைக்காலத்தில் பேப்பரில் ‘ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை’ என்று போடுகிறார்களே, அந்தக் கணக்குத்தான். அந்த 1992 நவம்பர் மழையில் காக்காச்சியில் 24 மணி நேரத்தில் பதிவானது 96 சென்டிமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டில் ஒரே நாளில் பெய்த மழைக் கணக்குகளில் உச்சத்தில் நிற்கிற எண் அது. தூத்துக்குடிப் பக்கம் புயல் கரையைக் கடந்த நேரம். கடலிலிருந்து வந்த ஈரக்காற்றுக்கு நம் சமவெளியில் தடுப்பு கிடையாது. நேரே வந்து பொதிகைத் தொடரில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, இருந்த தண்ணீரையெல்லாம் எங்கள் தலைமேல் கொட்டியது. கொட்டியது மலையில் நிற்குமா? மணிமுத்தாறு, சேர்வலாறு, காரையாறு என்று கிடைத்த பக்கமெல்லாம் இறங்கியது.

எங்களுக்கு அது தெரியாது. பாதை போய்விட்டது, பஸ் இல்லை. அரிசி குறைந்து, மரச்சீனிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தோம். மழை விட்டதும் எங்கள் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். கீழே என்ன ஆனது என்று யாரோ ரேடியோவில் கேட்டுச் சொன்னபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவருடைய அம்மா, எங்கள் ஆச்சி, சிந்துபூந்துறையில் ஆற்றை ஒட்டி இருந்தாள். மறுநாளே சரிந்த மண்ணையும் விழுந்த மரத்தையும் தாண்டித் தாண்டி மலையிறங்கி நடந்தார்.

ஆச்சி பிழைத்திருந்தாள். பாதை சரியானபின் என்னையும் கூட்டிப்போனார்கள். அவள் வீட்டுச் சுவரில் என் தலைக்கு ரொம்ப மேலே வண்டல் கோடு. அவள் வளர்த்த ஆடுகள் இல்லை. அடுத்த தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் இல்லை. நான், ‘ஆச்சி, எங்க ஊர்லயும் பெரிய மழை’ என்று ஆரம்பித்தேன். அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “ஏல, ஒங்க ஊர்ல பெய்ஞ்சதுதாம்ல எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு அது இரண்டு வெள்ளமாகத் தெரியவில்லை. வாசலில் நான் குச்சி விட்டு விளையாடிய தண்ணீரும் அந்தச் சுவரில் கோடு போட்ட தண்ணீரும் ஒன்று.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மலையில் விழும் மழை அந்தத் தடவை கடற்கரையிலேயே விழுந்தது. மலையிலும் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். நம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் தண்ணீர். அப்போது டவுனில் பலர், ‘இந்த ஊரில் இப்படி நடந்ததே இல்லை’ என்றார்கள். எனக்கு நெஞ்சு வலித்தது. நடந்து 31 வருடம்தான் ஆகியிருந்தது.

குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே கட்டினார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தேதான் கட்டினார்கள். தண்ணீர் ஏறுகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். வெள்ளம் கோயிலை மூழ்கடித்துவிட்டு வடியும், கழுவிச் சுத்தம்செய்து பூஜை தொடரும். ஆற்றோடு இருக்கத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. எப்போது தூக்க வேண்டும் என்பது அங்கே தலைமுறையாகத் தெரியும். எங்கள் தாத்தா ஓடையைப் பார்த்ததும் அதே அறிவுதான். புத்தகம் படித்து வந்ததில்லை அது.

அந்த அறிவு இப்போது சிதறிக்கொண்டிருக்கிறது. 2024-ல் தோட்ட வேலை நின்று, விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கி, சனங்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். காடு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது, குத்தகை 2028-ல் முடிகிறது, சட்டம் இதையெல்லாம் சொல்கிறது. நான் இந்த மேடையில் வழக்குப் பேச வரவில்லை. ஆனால் நான்கு தலைமுறையாக அந்த மழையில் நனைந்த மனிதர்கள் இன்றைக்கு அம்பாசமுத்திரத்திலும் விக்கிரமசிங்கபுரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். எந்தச் சரிவு எப்போது இறங்கும், எந்த ஓடை எந்தப் பக்கம் உடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

இந்த அரங்கத்திலேயே பின்வரிசையில் ஊத்துக்காரர்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் போங்கள். 92-ல் எந்த லயனில் இருந்தீர்கள், மண் எங்கே சரிந்தது, முதலில் எதைப் பார்த்துப் பயந்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். கைலாசபுரத்துப் பெரியவர்களிடம் தண்ணீர் எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வழியாக வந்தது என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே நோட்டில், ஒரே தேதிக்குக் கீழே எழுதுங்கள். தோட்டத்து மழைக்கணக்கு நோட்டுகள் எங்கே இருக்கின்றன என்று நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யார் வீட்டிலாவது ஒன்றிரண்டு பக்கம் இருந்தால், இப்போதே மேடைக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள்.