லேப்டாப் சும்மா இருக்கும்போதும் பிராசஸர் ஏன் ஓய்வதில்லை?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "லேப்டாப்பை எதுவும் செய்யாமல் வைத்தாலும் சூடாகிறது, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 2 சதவீதம்தான். ஆனால் வேகம் 4 கிகாஹெர்ட்ஸை விட்டு இறங்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் போட்ட பிறகுதான் இப்படி. பிராசஸர் போய்விட்டதா?"

போகவில்லை, பயப்படாதீர்கள். அந்த 2 சதவீதத்தை மட்டும் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில், இரவில் அம்மா தொட்டிலை ஆட்டிய நேரத்தைக் கூட்டினால் பத்து நிமிடம்கூட வராது. ஆனால் அவர் தூங்கியிருக்க மாட்டார். பிராசஸருக்கும் அதே கதைதான். வேலை இல்லாதபோது அது ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போக வேண்டும், அதற்கு சி-ஸ்டேட் என்று பெயர். அடிக்கடி எழுப்பினால் அந்த ஆழத்துக்குப் போகவே முடியாது. செய்த வேலை கொஞ்சம், செலவான மின்சாரம் அதிகம், அதனால்தான் சூடு.

யார் எழுப்புகிறார்கள்? விண்டோஸின் டைமர் சாதாரணமாக 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 64 தடவை துடிக்கும். ஒரு சாஃப்ட்வேர் "எனக்கு 1 மில்லிசெகண்ட் வேண்டும்" என்று கேட்டால், அது விநாடிக்கு 1000 தடவை வரை போகலாம். திரையைத் தாமதமில்லாமல் அனுப்ப நினைக்கும் சாஃப்ட்வேர் இப்படிக் கேட்பதில் தப்பில்லை. யாரும் இணைப்பில் இல்லாதபோதும் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் தப்பு.

இதை ஊகிக்க வேண்டாம், விண்டோஸையே கேட்கலாம். பிரௌசர் உட்பட எல்லாவற்றையும் மூடுங்கள், ஏனென்றால் வீடியோ ஓடும் பிரௌசரும் இதே டைமரைக் கேட்கும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் எனர்ஜி' (powercfg /energy) கொடுங்கள், எழுத்துகளைத் திரையில் போட்டிருக்கிறேன். 60 விநாடி மவுஸைத் தொடாதீர்கள். முடிந்ததும் ஓர் அறிக்கை வரும். அதில் 'பிளாட்ஃபார்ம் டைமர் ரெசல்யூஷன்' என்ற இடத்தில், கேட்ட புரோகிராமின் பெயரே இருக்கும். பக்கத்தில் 10000 என்று இருந்தால் 1 மில்லிசெகண்ட் என்று அர்த்தம்.

பெயர் கிடைத்துவிட்டதா? சரி, இப்போது உறுதிப்படுத்த வேண்டும். மூலையில் உள்ள ஐகானில் 'எக்சிட்' கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பின்னால் சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வீசஸ் பட்டியலில் போய் அதை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பார்க்கும் மானிட்டர் புரோகிராமும் பிராசஸரை எழுப்பும் என்பதால் அதைத் திறந்தே வைக்காதீர்கள். ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், அடிப்பக்கம் கை வைத்துப் பாருங்கள்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு விடை இருக்கிறது. நீங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்க்கத்தானே போட்டீர்கள்? உங்கள் லேப்டாப்புக்குள் வெளியிலிருந்து யாரும் வரத் தேவையில்லையே! பல ரிமோட் சாஃப்ட்வேர்கள் பார்க்கும் பகுதியையும், மற்றவரை உள்ளே விடும் பகுதியையும் சேர்த்தே நிறுவிவிடும். இரண்டாவது உங்களுக்கு வேண்டாம். ஆளில்லாதபோதும் உள்ளே வர அனுமதிக்கும் வசதியை நிறுத்தி, சர்வீஸை 'மேனுவல்' ஆக்குங்கள். பார்ப்பதற்கு மட்டுமான பதிப்பு தனியாக இருந்தால் அதுவே உத்தமம்.

அப்படியும் வேகம் இறங்கவில்லையா? பவர் பிளானைப் பாருங்கள். 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்றிருந்தால் குறைந்தபட்ச பிராசஸர் நிலை 100 சதவீதமாக இருக்கும், 'பேலன்ஸ்டு'க்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், இதே கேள்வியோடு வந்திருக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. அறிக்கையில் ரிமோட் சாஃப்ட்வேரின் பெயர் இருந்து, அதை நீங்கள் போட்டதாக ஞாபகமே இல்லை என்றால், சூட்டைப் பற்றி யோசிக்காதீர்கள். "பேங்கிலிருந்து பேசுகிறோம்" என்று போனில் யாராவது நிறுவச் சொன்னார்களா என்று வீட்டில் கேளுங்கள். முதலில் நெட்டைத் துண்டியுங்கள், அப்புறம் சாஃப்ட்வேரை நீக்குங்கள், பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.