புயலுக்கு முன்பே காலியான தீவு

[காட்சி: பசிபிக் கடலிலிருந்து பிலிப்பைன்ஸை நோக்கிச் சுழன்று வரும் புயலின் வரைபடம்]

ஆண்டுக்குச் சுமார் 20 புயல்கள் பிலிப்பைன்ஸ் கடல் எல்லைக்குள் நுழைகின்றன. 2013 நவம்பர் 8 அன்று கரையைக் கடந்த ஹையான் புயல் 6,300 பேரைப் பலிகொண்டது. பிலிப்பைன்ஸ்காரர்கள் அதற்கு வைத்த பெயர் யோலாண்டா. டக்லோபான் நகருக்குள் கடல் பொங்கி, சுமார் 5 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. காற்றிலிருந்து தப்பியவர்கள் பலரை அந்தத் தண்ணீர் கொண்டுபோனது.

[காட்சி: செபு மாகாணம், கமோடெஸ் தீவுகள்]

அதே புயல் துலாங் தியோட் என்ற குட்டித் தீவையும் தாக்கியது. அங்கே சுமார் 1,000 பேர் வாழ்ந்தார்கள். வீடுகள் அத்தனையும் தரைமட்டம். ஆனால் ஒருவர்கூட சாகவில்லை. புயல் வருவதற்குள் எல்லோரும் படகேறிப் பக்கத்துப் பெரிய தீவுக்குப் போய்விட்டார்கள்.

எச்சரிக்கை டக்லோபானுக்கும்தான் போனது. இங்கே மட்டும் ஒருவர் மிச்சமில்லாமல் எப்படிக் கிளம்பினார்கள்?

[காட்சி: தெருக்கூட்டம், குப்பை பிரிக்கும் பெண்கள்]

இந்தத் தீவு சான் பிரான்சிஸ்கோ என்ற நகராட்சியைச் சேர்ந்தது. அங்கே ஒவ்வொரு குடியிருப்பும் 'புரோக்' என்ற சிறு குழுவாக இயங்குகிறது. நம்மூரில் தெருக்காரர்கள் கூடிப் பேசுவதுபோலத்தான். ஆனால் தலைவர் உண்டு, முறையான கூட்டம் உண்டு, வீட்டுக்கு வீடு சேரும் சேமிப்பும் உண்டு. குப்பையைப் பிரிப்பது, சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைப்பது எல்லாம் இந்தக் குழுவின் அன்றாட வேலை.

குப்பைக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். குப்பைக்காக மாதக்கணக்கில் கூடிப் பேசுகிறவர்களுக்கு எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், யாரிடம் படகு இருக்கிறது என்று தெரியும். "கிளம்பு" என்று சொல்ல வருபவர் தெரிந்த முகம். அவர் பேச்சை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு வருவார்கள். புயல் அன்றைக்குப் புதிதாகக் குழு அமைத்து அந்த நம்பிக்கையைப் பெற முடியாது. ஹையானுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2011-இல், இந்த ஏற்பாட்டுக்கு பேரிடர் ஆபத்தைக் குறைப்பவர்களுக்கு ஐ.நா. தரும் சசகாவா விருது கிடைத்தது.

[காட்சி: இடிந்த வீடுகள், மீண்டும் எழும் கூரைகள்]

ஆனால் திரும்பி வந்தவர்களுக்கு வீடு இல்லை. குழுச் சேமிப்பு அவசரச் செலவுக்கு உதவும். ஒரு தீவு முழுவதையும் திரும்பக் கட்ட அது போதாது. அரசும் வெளியாரும் கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான்.