காய்ந்த மூலிகை ஆவியாக்கி: முதலில் உங்கள் விரல்களைக் கேளுங்கள்

வணக்கம் உறவுகளே. கனடாவின் ஸ்காபரோவில் என் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து கதைக்கிறேன். மேசையில் நான்கு கருவிகள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு சிறிய தராசு, ஒரு தூரிகை, பஞ்சுக் குச்சிகள், ஒரு போத்தல். கடைகளில் வேப்பரைசர் என்று சொல்கிறார்கள். நான் ஆவியாக்கி என்று சொல்லப் பழகிவிட்டேன். காய்ந்த கஞ்சாப் பூவைக் கொளுத்தாமல், சூடாக்கி, அதில் வரும் ஆவியை மட்டும் உள்ளிழுக்கும் கருவி இது.

கஞ்சா என்ற சொல்லை எங்கள் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். எனக்கு அதை முதலில் சொன்னவர் என் வைத்தியர். புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து என்னைக் காப்பாற்றியது. போகும்போது விரல் நுனிகளிலும் உள்ளங்கால்களிலும் நரம்பு எரிவை விட்டுவிட்டுப் போனது. இரவில் போர்வை பட்டாலே கால் எரியும். உடனே கஞ்சாவைக் கையில் எடுத்துவிடவில்லை. கனடிய வலி வைத்தியர்களின் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில், நரம்பு வலிக்குக் கஞ்சா சார்ந்த மருந்துகளை மூன்றாவது படியில்தான் வைத்தது. முதல் இரண்டு படிகளையும் நான் ஏறிப் பார்த்தேன். பிறகுதான் இது.

இங்கே ஒன்ராறியோவில் 19 வயது நிறைந்தவர்களுக்கு இது சட்டப்படி கிடைக்கிறது. நாடு முழுவதற்குமான சட்டம் 2018 ஒக்ரோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவத் தேவைக்கான அனுமதி 2001 முதல் இருக்கிறது. நான் அந்த அனுமதியில்தான் வாங்குகிறேன். இன்று நான் சொல்வதெல்லாம் இந்த நாட்டில், இந்தச் சட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு.

ஏன் சுருட்டிப் புகைக்கக்கூடாது என்று கேட்பீர்கள். வீட்டில் மல்லி வறுத்திருப்பீர்கள். இளஞ்சூட்டில் கிளறிக்கொண்டிருந்தால் வாசம் வரும். சூடு மிஞ்சினால் கருகி, கண்ணைக் கரிக்கும் புகைதான் மிஞ்சும். மல்லி அதேதான், சட்டி அதேதான், சூடு மட்டும் வேறு. கஞ்சாப் பூவும் ஏறத்தாழ 230 பாகை செல்சியஸைத் தாண்டும்போது எரியத் தொடங்கிவிடும். எரிந்தால் தாரும் கார்பன் மொனொக்சைட்டும் சேர்ந்து வரும். 160 முதல் 210 பாகைக்குள் நிறுத்தினால், நமக்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் ஆவியாக வந்துவிடும். 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வைத்தியர் டொனால்ட் ஏப்ராம்ஸ் குழுவினர் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரி.எச்.சி. என்பது கஞ்சாவில் போதை தரும் பொருள்; இரத்தத்தில் சேர்ந்த அதன் அளவு புகைத்தவர்களுக்கும் ஆவி இழுத்தவர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஆவி இழுத்தவர்களின் மூச்சில் கார்பன் மொனொக்சைட் மிகவும் குறைவாக இருந்தது.

ஆனாலும் நுரையீரலுக்கு நல்லது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நுரையீரலுக்கு நல்லது காற்று மட்டுமே. ஆஸ்துமா இருப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள், வைத்தியர் தெளிவாகச் சொன்னால் ஒழிய. இன்னொன்றையும் இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: 2019இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் நுரையீரல் பாதித்து இறந்தார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தவை கள்ளச் சந்தையில் விற்ற, கஞ்சா எண்ணெய் அடைத்த ஆவியாக்கிக் குழாய்களும் அவற்றில் கலந்த விற்றமின் ஈ அசற்றேற் என்ற பொருளும். நான் கதைப்பது எண்ணெய் கலக்காத காய்ந்த பூவைப் பற்றி.

சரி, கருவிக்கு வருகிறேன். என் முதல் கருவியை ஒரு கடையில் விற்பனையாளரின் பேச்சை நம்பி மலிவாக வாங்கினேன். திரையில் 190 என்று காட்டும், உள்ளே பூ கரிக்கட்டையாக வெளியே வரும். தொண்டை எரியும், இருமல் விடாது. எனக்கு இந்த வைத்தியமே ஒத்துவரவில்லை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கருவிதான் பிழை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு மாத இரவுகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இந்தக் காணொளியை எடுப்பதற்கு அதுதான் காரணம்.

சூடாக்குவதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று தோசைக்கல் வழி. சுற்றியிருக்கும் சுவர் சூடாகி, அதில் ஒட்டியிருக்கும் பூவைச் சூடாக்கும். சுவரோரம் சீக்கிரம் வறுபடும், நடு பச்சையாகவே இருக்கும், அதனால் இடையில் ஒருமுறை கிளறவேண்டும். மற்றது பிட்டு வழி. குழலுக்குள் மாவை ஆவி ஊடுருவி அவிப்பதுபோல, நீங்கள் மூச்சை இழுக்கும்போது சூடான காற்று பூவின் ஊடே போகும். பிட்டு அவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: குழலில் மாவை அழுத்தி அடைத்தால் ஆவி மேலே ஏறாது. இங்கேயும் அதே சட்டம்தான். தளர்வாக நிரப்புங்கள், காற்றுக்கு வழி விடுங்கள்.

இப்போது இந்த மேசையைப் பாருங்கள். இந்தச் சிறிய உலோகக் கருவியின் பெயர் பாக்ஸ். தோசைக்கல் வகை. அழகானது, சட்டைப்பையில் அடங்கும். ஆனால் அதன் சின்ன மூடியை எடுக்கவும் போடவும் என் மரத்த விரல்களுக்கு முடியவில்லை. இரண்டுமுறை பூவெல்லாம் தரையில் கொட்டியது.

இது டைனவாப். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் செய்கிறார்கள். பற்றரியே இல்லை. லைற்றர் சுடரில் மூடியைச் சுழற்றிச் சூடாக்கவேண்டும். சூடு சேர்ந்ததும் மூடி 'கிளிக்' என்று சத்தமிடும். அந்த வேலைப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் சூடு தெரியாத விரல் நுனியோடு சுடரைப் பிடிக்கும் ஒருவருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரியும்.

இந்தக் கண்ணாடித் தண்டோடு இருப்பது அரைசர் சோலோ 2. எங்கள் ஒன்ராறியோவிலேயே, வோட்டர்லூவில் இருக்கும் நிறுவனம். பூவைக் கண்ணாடித் தண்டின் அடியில் நிரப்பி, அப்படியே கருவியில் கவிழ்த்து வைக்கவேண்டும். 50 முதல் 220 பாகை வரை போகும். ஆவி கண்ணாடி வழியாக வருவதால் பூவின் வாசம் கெடாது, கழுவுவதும் சுலபம். கை நடுங்குபவர்கள் மட்டும் யோசிக்கவேண்டும், கண்ணாடி விழுந்தால் உடைந்துவிடும். என் மகன் எனக்கு முதலில் வாங்கித் தந்தது இதுதான். நல்ல கருவி. ஒரு தண்டு உடைந்தது, இன்னொன்று வாங்கினோம்.

நான் தினமும் எடுப்பது இதோ, இந்தக் கறுப்புக் கட்டி. மைற்றி. ஜெர்மனியில் ருட்லிங்கன் என்ற ஊரில் செய்கிறார்கள்; அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்குப் பேர்போன ஊர் அது. இந்தக் கருவி 2014இல் வந்தது. இரண்டு வழியும் கலந்து சூடாக்கும். 40 முதல் 210 பாகை வரை திரையில் தெளிவாகத் தெரியும். பருமன் அதிகம், கைப்பைக்குள்தான் வைக்கமுடியும், விலையும் அதிகம். ஆனால் என் கைக்குப் பிடி கிடைக்கிறது. மேலும் இதற்கு இந்தச் சிமிழ்கள் இருக்கின்றன, பாருங்கள், மெல்லிய அலுமினியச் சிமிழ். ஒரு பெட்டியில் எட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் வரும்போது எட்டையும் நிறுத்து நிரப்பி வைத்துவிடுவாள். இரவு இரண்டு மணிக்கு வலி எழுப்பும்போது நான் செய்யவேண்டியது ஒரு சிமிழை உள்ளே போடுவது மட்டும்தான்.

ஆகவே இணையத்தில் எந்தக் கருவிக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதற்கு முன், ஒரு சிறிய மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். இருட்டில் செய்து பாருங்கள். உங்கள் கை எதைச் செய்யும் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் கருவிகள் தாமாகவே விலகிவிடும். பற்றரியையும் கேளுங்கள். சிலவற்றில், அரைசரின் ஏர் 2 போல, 18650 என்ற உருளைப் பற்றரியைக் கழற்றி மாற்றலாம். அதன் மேலுறை கிழிந்திருந்தால் பயன்படுத்தக்கூடாது. திறப்புக் கோர்வையோடு ஒரே பையில் போடவும் கூடாது; பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். எங்கள் குளிர்காலத்தில் எந்தப் பற்றரியும் சீக்கிரம் இறங்கும், கருவியைக் குளிரங்கிக்கு உள்ளே உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கியதும் பூ போடாமல் உச்சச் சூட்டில் இரண்டு மூன்று முறை ஓடவிடுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து. தொழிற்சாலை மணம் போய்விடும்.

அளவுதான் மிக முக்கியம். டப்பாவில் மொத்த ரி.எச்.சி. ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். 180 என்று இருந்தால், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கை நிரப்பும்போது 18 மில்லிகிராம் உள்ளே வைக்கிறீர்கள். எல்லாமே உடம்பில் சேராது, ஆனாலும் அது சின்ன அளவு இல்லை. 2018இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பதினேழு பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்கள் அடிக்கடி பயன்படுத்தாதவர்கள். அதே 25 மில்லிகிராமைப் புகையாக எடுத்தபோதைவிட ஆவியாக எடுத்தபோது தடுமாற்றமும் பதற்றமும் அதிகமாக இருந்தன. புகைத்துப் பழகியவர் ஆவியாக்கிக்கு மாறும்போது முந்தைய அளவையே எடுத்து மயங்கி உட்காருவது இதனால்தான். நான் ரி.எச்.சி. குறைந்து, போதை தராத பொருளான சி.பி.டி. அதற்குச் சமமாக இருக்கும் பூவை எடுக்கிறேன், கிராமுக்கு 80 அளவில். ஒரு சிமிழுக்கு பத்தில் ஒரு கிராம் போதும்.

பூவை அரைக்கும்போது மாவாக்காதீர்கள். ரவை போலவும் வேண்டாம், கொரகொரப்பான மிளகாய்த் துண்டு போல இருக்கட்டும். தூளானால் சல்லடை வழியாக வாய்க்குள் வந்துவிடும். குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி பூவை முறுமுறுவென்று காயவைத்துவிடும். 62 வீத ஈரப்பதத்தில் நிறுத்தும் சிறு பைகள் விற்கிறார்கள், டப்பாவில் ஒன்று போட்டுவையுங்கள்.

நான் 175 பாகையில் தொடங்குவேன். கருவி அதிர்ந்து தயார் என்று சொன்னதும் மெதுவாக, சூடான தேநீரை உறிஞ்சுவதுபோல, எட்டு எண்ணும் வரை இழுப்பேன். வேகமாக இழுத்தால் காற்று ஆறிவிடும். மூச்சை உள்ளே அடக்கிவைக்க வேண்டியதில்லை. இரண்டு இழுப்பு, பிறகு கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பேன். சில நிமிடங்களில் தெரியத் தொடங்கும், முழுதாகத் தெரிய அரை மணிநேரம் வரை ஆகலாம். காத்திருங்கள். போதவில்லை என்றால் 185, அதற்கும் மேலே 195. அதற்குமேல் நான் போவதில்லை. இழுத்த ஆவியின் தாக்கம் ஆறு மணிநேரம் வரை இருக்கும், சிலருக்கு அடுத்த நாளும் மந்தம் இருக்கும். அந்த நேரத்தில் கார்ச் சாவியைத் தொடாதீர்கள். காருக்குள் உட்கார்ந்து இழுப்பதும் ஒன்ராறியோவில் குற்றம்.

முடிந்ததும் பூவின் நிறத்தைப் பாருங்கள். இதோ, சிமிழைக் கவிழ்க்கிறேன். வறுத்த கோப்பித் தூள் நிறம், சீராக இருக்கிறது. பச்சை கலந்திருந்தால் சூடு போதவில்லை. கறுத்திருந்தால் எரிந்துவிட்டது, சூட்டைக் குறையுங்கள். இந்தப் பழுப்புப் பூவிலும் மருந்து மிச்சமிருக்கும். குப்பைதானே என்று மேசையில் விட்டுவிடக்கூடாது. எனக்கு மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். நிரப்பிய சிமிழ், பாவித்த பூ, டப்பா, கருவி எல்லாமே பூட்டுள்ள பெட்டியில்தான் இருக்கும். விருந்தினர் வந்தாலும் பெட்டி பூட்டியே இருக்கும்.

துப்புரவு. கருவி இளஞ்சூடாக இருக்கும்போதே பூ வைக்கும் உள்ளறையைத் தூரிகையால் துடைத்துவிடுங்கள், ஆறினால் பிசின் இறுகிவிடும். வாரம் ஒருமுறை 99 வீத ஐசோபுரொபைல் அல்ககோல், மருந்துக்கடையில் கிடைக்கும். கண்ணாடித் தண்டை அதில் ஊறவைக்கலாம். மைற்றியின் மேல்பாகம் பிளாஸ்ரிக், நீண்ட நேரம் ஊறவைக்காதீர்கள், பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு வெந்நீரில் கழுவுங்கள். கருவியின் உடலுக்குள் அல்ககோலை ஊற்றவே கூடாது. அது தீப்பற்றும் திரவம். முழுதாக உலர்ந்த பிறகுதான் கருவியை இயக்கவேண்டும். இருமல் திரும்பிவிட்டது என்று என்னிடம் சொன்ன ஒரு அக்காவின் கருவியைத் திறந்து பார்த்தேன். காற்று போகும் வழியே அடைபட்டிருந்தது.

ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கூடாது. வைத்தியரின் கடிதம் இருந்தாலும் கனடிய எல்லையைக் கஞ்சாவோடு தாண்டுவது குற்றம், போகும்போதும் வரும்போதும். இலங்கையில் அது தடைசெய்யப்பட்ட பொருள். சிங்கப்பூர் வழியாக விமானம் மாறுபவர்கள் அங்கே எந்த ஆவியாக்கியையும் கையில் வைத்திருக்கக்கூடாது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டுகளோடு, ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கத் தரும் மின்கருவிகளையும் சேர்த்தே தடுக்கிறது, வெறும் கருவியை எடுத்துச் செல்வதும் ஆபத்து. சென்ற தையில் நான் சென்னை போனபோது பெட்டியைப் பூட்டி மகளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மூன்று வாரத்துக்கு வைத்தியரிடம் வேறு மாத்திரை வாங்கிக்கொண்டேன். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அதைக் கேளுங்கள், ஏனென்றால் புது மாத்திரை உடம்புக்குப் பழக நாளெடுக்கும்.

அடுத்த காணொளியில் தராசில் நிறுப்பதை மகளோடு சேர்ந்து காட்டுகிறேன். நன்றி, வணக்கம்.